வைத்தியத்துக்கு முந்திய படிப்பு

பிறருடைய தேகத்தைத் தொட்டு நோய் தீர்க்கும் அதிகாரத்தை ஒருவருக்கு வழங்குவதற்கு முன், வைத்திய சாஸ்திரம் அல்லாமல் வேறு எவற்றை அவர் கற்றுத் தேறியிருக்க வேண்டும் என்பது, கல்வியைப் போற்றும் தேசங்கள் எல்லாம் யோசித்து விடை காண முயன்ற கேள்வியாகும். நம் நாட்டில் பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளில் பௌதிகமும் ரசாயனமும் உயிரியலும் படித்த மாணவர், மீசை அரும்பும் பருவத்திலேயே மருத்துவக் கல்லூரிக்குள் நேரே புகுந்துவிடுகிறார். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ முறை வேறு. அங்கே ஒருவர் முதலில் கலாசாலையில் நான்கு ஆண்டு பயின்று, ஏதேனும் ஒரு துறையைப் பிரதான பாடமாகக் கொண்டு பட்டம் பெற்று, அதன் பின்னரே நான்கு ஆண்டு வைத்தியக் கல்விக்கு விண்ணப்பிக்கிறார். அந்தப் பிரதான பாடம் உயிரியலாகத்தான் இருக்க வேண்டும் என்ற சட்டம் ஏதும் அங்கு இல்லை. சரித்திரமாகவும் இருக்கலாம், கணிதமாகவும் இருக்கலாம், சங்கீதமாகவும் இருக்கலாம். குறிப்பிட்ட சில விஞ்ஞானப் பாடங்களை இடையே படித்து முடித்திருந்தால் போதும். மருந்தாளுநர் கல்விக்குச் செல்வோரும் குறைந்தது இரண்டு ஆண்டுகளேனும் பொதுக் கலாசாலையில் பயின்ற பிறகே செல்கின்றனர்.

இத்துணைச் சுதந்திரம் இருந்தும், வைத்தியராக விரும்பும் மாணவர்களில் பெரும்பான்மையோர் உயிரியலையே நாடிச் செல்கின்றனர். வேறொன்றைத் தேர்ந்தால் வாயில் அடைபட்டுவிடுமோ என்ற அச்சம் அவர்களையும் அவர்களைப் பெற்றோரையும், அங்கே குடியேறி வாழும் நம்மவர் குடும்பங்கள் பலவற்றையும், பதினெட்டாம் வயதிலேயே பற்றிக்கொள்கிறது. ஆயினும் இந்த முன்படிப்பு எக்காரணத்தால் தோன்றியது, அதை வகுத்தவர்கள் எத்தகையோர், அவர்கள் எதை வேண்டினர், வேண்டியது பிற்காலத்தில் எவ்வாறு மாறிப்போயிற்று என்பவற்றை ஒருவர் வரிசையாக அறிந்துகொள்வாராயின், அந்த அச்சத்துக்குப் பெரும்பாலும் ஆதாரமில்லை என்பதும், அச்சத்தால் இழக்கப்படுவது மிகப் பெரிது என்பதும் அவருக்குப் புலனாகும்.

எடின்பரோவில் 1763-இல் வைத்தியப் பட்டம் பெற்றுத் திரும்பிய ஜான் மார்கன் என்பவர், 1765-இல் பிலடெல்பியா கலாசாலையின் பட்டமளிப்பு விழாவில் நீண்டதோர் உபந்நியாசம் நிகழ்த்தி, அக்குடியேற்ற நாடுகளின் முதல் வைத்தியப் பள்ளிக்கு அடிகோலினார். வைத்தியம் கற்க வருகிறவர் லத்தீன் முதலிய மொழிகளிலும் கணிதத்திலும் இயற்கைத் தத்துவத்திலும் பயிற்சி உடையவராய் வரவேண்டும் என்பது அவர் கொள்கை. 1767-இல் அப்பள்ளி வகுத்த விதிகள் அக்கொள்கையையே தழுவின. ஏற்கெனவே கலைப் பட்டம் பெறாதவர், வைத்தியப் பட்டம் பெறுமுன், லத்தீன் மொழியிலும் கணிதத்திலும் பரிசோதனை சார்ந்த இயற்கைத் தத்துவத்திலும் தமக்குள்ள அறிவைத் தர்மகர்த்தாக்களும் ஆசிரியர்களும் ஒப்புமாறு காட்டவேண்டும் என்று அவை விதித்தன. ஆகவே, வைத்தியத்துக்கு முன் பொதுக் கல்வி வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் வைத்தியக் கல்வியோடு கூடவே பிறந்தது எனலாம்.

பிறந்த எண்ணம் நிலைக்கவில்லை. சுதந்திரம் பெற்ற நாடு மேற்கு நோக்கி விரிந்து புதுப்புது ஊர்கள் தோன்றவே, வைத்தியர்களுக்குத் தேவை மிகுந்தது. அத்தேவையைக் கண்ட வைத்தியர்கள் ஐவர் அறுவராகக் கூடி, ஒரு கட்டடத்தை வாடகைக்குப் பிடித்துப் பள்ளி நடத்தலாயினர். மாணவர் தரும் கட்டணமே ஆசிரியரின் வருமானமாகையால், எவரையும் திருப்பியனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. ஒரு வைத்தியரிடம் மூன்றாண்டு சிஷ்யராக இருந்ததற்குச் சான்று காட்டி, நான்கு மாதம் நடைபெறும் உபந்நியாச வரிசையை முதலாண்டு ஒரு முறையும், அதே வரிசையை மறு ஆண்டு இன்னொரு முறையும் கேட்டு முடித்தவருக்குப் பட்டம் கிடைத்தது. நோயாளியின் படுக்கையருகே நின்று கற்றலும், பரிசோதனைச் சாலையில் தம் கையால் செய்து கற்றலும் பல பள்ளிகளில் அறவே இல்லை. ஒரு நூற்றாண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இவ்வாறு தோன்றிய பள்ளிகள் 457 என்று பிற்காலத்தில் கணக்கிடப்பட்டது. அவற்றில் பல தோன்றிய வேகத்திலேயே மறைந்தன.

அக்காலத்து அமெரிக்க வைத்தியம் நம் மொழியோடும் தொடர்பு கொண்டது. நியூயார்க்கில் 1845-இல் வைத்தியப் பட்டம் பெற்ற சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847-இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேனாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். 1823-இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டை செமினரியில் கணிதம், வானசாஸ்திரம், ஆங்கிலம், தமிழ் இலக்கியம் ஆகியவற்றைப் பயின்றவர்கள் அவரிடம் மாணவராய்ச் சேர்ந்தனர். பின்னர் அவர் தமிழிலேயே வைத்தியம் போதிக்க முற்பட்டு, ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தம் மாணாக்கர் துணையோடு தமிழாக்கி வெளியிட்டார். நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் எழுத்தறிவு குறைந்தோரும் வைத்தியப் பள்ளிகளில் இடம் பெற்றுவந்த அந்நாளில், யாழ்ப்பாணத்துச் சிற்றூர் ஒன்றில் இலக்கியமும் கணிதமும் கற்ற மாணவர் வைத்தியம் படித்தனர் என்பதும், அப்பொதுக் கல்வியே ஒரு சாஸ்திரத்தை முழுவதும் புதியதொரு மொழிக்குக் கொண்டுவரும் வல்லமையைத் தந்தது என்பதும் நாம் பெருமையோடு நினைவில் வைக்கத்தக்கவை.

பாஸ்டனின் நிலையை மாற்ற முனைந்தவர் சார்லஸ் எலியட். ரசாயன ஆசிரியராக இருந்து 1869-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையின் தலைவரான அவர், 1871-இல் அங்கே வைத்தியப் படிப்பை மூன்றாண்டாக வரிசைப்படுத்தி, எழுத்துப் பரீட்சைகளையும் புகுத்த முயன்றபோது, ரணசிகிச்சைப் பேராசிரியர் ஹென்றி பிகலோ அதனைக் கடுமையாக எதிர்த்தார். வைத்திய மாணவரில் பாதிப்பேருக்கு மேல் ஒழுங்காக எழுதவே தெரியாதாகையால் எழுத்துப் பரீட்சையில் எவரும் தேறமாட்டார் என்பதே அவர் எடுத்துக்காட்டிய காரணம். எலியட் பின்வாங்கவில்லை, மாணவர் தொகை குறைந்ததையும் அவர் பொருட்படுத்தவில்லை. பள்ளியின் உள்ளே ஒழுங்கு பிறந்தது. வாயிலிலும் ஒழுங்கு வேண்டும் என்பதை நிலைநாட்டிய பெருமை பால்டிமோர் நகருக்குரியது.

அந்நகரில் 1876-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் முதல் தலைவர் டேனியல் காயிட் கில்மன், எதிர்காலத்தில் எழவிருந்த வைத்தியக் கலாசாலைக்கு மாணவரை முன்கூட்டியே பக்குவப்படுத்தும் நோக்கத்துடன், ரசாயனத்தையும் ஜீவசாஸ்திரத்தையும் மையமாகக் கொண்ட பட்டப்படிப்பு ஒன்றை அமைத்தார். ரசாயனத்துக்கு ஐரா ரெம்சன், ஜீவசாஸ்திரத்துக்கு ஆங்கில உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியின் சீடரான நியூவெல் மார்ட்டின் என ஆசிரியர்களும் சிறந்தோராய் வாய்த்தனர். விஞ்ஞானத்தோடு பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளும் சேர்ந்திருந்த அப்படிப்பே ‘பிரீமெட்’ எனப்படும் இன்றைய வைத்திய முன்படிப்புக்கு மூலம்.

1889-இல் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டும், வைத்தியக் கலாசாலை திறக்கப்படவில்லை. சர்வகலாசாலையின் மூலதனம் பால்டிமோர்–ஒஹாயோ ரயில் கம்பெனியின் பங்குகளில் முடங்கியிருக்க, அக்கம்பெனி லாபம் பகிர்வதை நிறுத்தியதே காரணம். அந்த வேளையில், அதே கம்பெனியின் தலைவராக விளங்கிய ஜான் கேரட்டின் புதல்வி மேரி எலிஸபெத் கேரட்டும், அவருடைய தோழி கேரி தாமஸும், தர்மகர்த்தாக்களின் புதல்வியர் வேறு சிலரும் ஒன்றுகூடி நிதி திரட்டத் தொடங்கினர். திரண்டது போதாமையால், 1892-இன் முடிவில் கேரட் அம்மையாரே மூன்று லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையைத் தந்து குறையை நிரப்பினார். ஆனால் அவர் இட்ட நிபந்தனைகள் இரண்டு. பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்கவேண்டும் என்பது ஒன்று. சேர்பவர் எவராயினும் கலாசாலைப் பட்டம் பெற்றவராகவோ அதற்கு நிகரான கல்வி உடையவராகவோ இருப்பதோடு, பௌதிகம், ரசாயனம், ஜீவசாஸ்திரம் ஆகியவற்றில் பயிற்சியும், பிரெஞ்சும் ஜெர்மனும் படித்தறியும் திறமையும் கொண்டிருக்கவேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாம் நிபந்தனை, அங்கே பேராசிரியராக இருந்த வில்லியம் வெல்ச் முன்னொரு காலத்தில் லட்சியமாக எழுதிவைத்த திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. லட்சியத்தை முதல் நாளிலேயே நடைமுறையாக்குமாறு ஒரு பெண்மணி பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது, எழுதியவரே மாணவர் வருவரோ என்று கலங்கினார். தாமும் வெல்சும் ஆசிரியராய் வந்தது நல்லதாயிற்று, மாணவராய் மனுச் செய்திருந்தால் இருவருக்குமே இடம் கிடைத்திராது என்ற கருத்துப்பட, சக பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் அவரிடம் கூறினார் என்பது வைத்திய உலகில் வழங்கிவரும் பிரசித்தமான செய்தி. 1893-இல் கலாசாலை திறந்தது. முதல் வகுப்பில் சேர்ந்தோர் 18 பேர். அவர்களுள் மூவர் பெண்கள்.

நிபந்தனையை வகுத்த இவர்கள் தாமே எதைக் கற்றவர்கள் என்பதை இங்கே நிதானித்து நோக்கவேண்டும். வெல்ச் 1870-இல் யேல் கலாசாலையில் பட்டம் பெற்றபோது அவர் உள்ளம் கிரேக்க மொழியிலேயே லயித்திருந்தது. கிரேக்க ஆசிரியர் ஆவதே அவர் விருப்பம். வைத்தியத்தின்பால் திரும்பிய பிறகுதான், ரசாயனம் கற்கும்பொருட்டு மறுபடி யேலுக்குச் சென்று ஓராண்டு பயின்றார். ஆஸ்லரோ, குருமாராகும் எண்ணத்துடன் டொரான்டோவில் படிப்பைத் தொடங்கி, பின்னர் வைத்தியத்துக்கு வந்தவர். வைத்திய மாணவர் இரவில் உறங்குமுன் அரை மணி நேரம் படிக்கத்தக்க இலக்கியங்களின் பட்டியல் ஒன்றை அவர் வெளியிட்டார்; 1919-இல், தம் வாழ்நாளின் இறுதி ஆண்டில், இங்கிலாந்தின் புராதன இலக்கியச் சங்கத்துக்கு அக்கிராசனராக இருந்து ஆக்ஸ்போர்டில் அவர் நிகழ்த்திய பேருரை, பழைய இலக்கியக் கல்வியும் புதிய விஞ்ஞானமும் ஒன்றையொன்று விலக்கலாகாது என்பதைப் பற்றியதே. விஞ்ஞானப் பயிற்சியை வாயிலில் வற்புறுத்தியவர்கள் இலக்கியத்தை அற்பமாகக் கருதியவர்கள் அல்லர். இலக்கியம் கற்றவரிடம் விஞ்ஞானமும் சேரவேண்டும் என்று விரும்பியவர்கள்.

இந்த உண்மை ஆபிரகாம் பிளெக்ஸ்னரின் வரலாற்றில் இன்னும் தெளிவாகத் தோன்றுகிறது. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் பெரிய குடும்பம் ஒன்றில் பிறந்த அவரை, மருந்துக்கடை நடத்திவந்த மூத்த சகோதரர் ஜேகப் தம் பொருளைக் கொடுத்து ஹாப்கின்ஸுக்கு அனுப்பினார். ஆபிரகாம் அங்கே கிரேக்கமும் லத்தீனும் பயின்று 1886-இல் பட்டம் பெற்றார். இன்னொரு சகோதரர் சைமனுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. அவர் உள்ளூர் மருந்தியல் கலாசாலையில் 1882-இல் தேறி, அண்ணனின் மருந்துக்கடையிலேயே வேலை செய்துகொண்டு, அங்கிருந்த நுண்ணோக்கியில் தாமாகவே நோய்க்கூறுகளை ஆராயப் பழகி, 1889-இல் வைத்தியப் பட்டமும் பெற்று, பின்பு ஹாப்கின்ஸில் வெல்சை அடைந்து, இறுதியில் ராக்பெல்லர் வைத்திய ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் முதல் இயக்குநராக உயர்ந்தார். ஒரே வீட்டில் பிறந்த இருவருள், ஒருவர் மருந்துக்கடை வழியே விஞ்ஞானத்தின் சிகரத்தை எட்டினார். மற்றவர், வைத்தியமே கற்காத கிரேக்க மாணவர், ஒரு தேசத்தின் வைத்தியக் கல்வி முழுவதையும் மாற்றியமைத்தார்.

கார்னெகி ஸ்தாபனத்தின் வேண்டுகோளின்படி அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 155 வைத்தியப் பள்ளிகளை நேரில் சென்று பார்த்து, 1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் வெளியிட்ட அறிக்கை, தன் அஞ்சாமையாலும் தெளிவாலும் இன்றளவும் பேசப்படுவது. அக்காலத்தில் இரண்டாண்டோ அதற்கு மேலோ கலாசாலைப் படிப்பைக் கேட்ட பள்ளிகள் 16 மட்டுமே. ஏறத்தாழ 50 பள்ளிகள் உயர்நிலைப் பள்ளிப் படிப்போ அதற்கு ஈடென்று சொல்லத்தக்க ஏதோ ஒன்றோ இருந்தால் போதும் என்றன. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை அதையும் கேட்கவில்லை. ரசாயனமும் பௌதிகமும் ஜீவசாஸ்திரமும் அடங்கிய இரண்டாண்டுக் கலாசாலைப் படிப்பே குறைந்த அளவாக இருக்கவேண்டும் என்றும், அமெரிக்காவுக்கு நல்ல பள்ளிகள் 31 இருந்தால் போதும் என்றும் அவர் முடிவு கூறினார். அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் கல்விக் குழு ஏற்கெனவே இத்திசையில் உழைத்து வந்தமையால், 1914-இல் ஓராண்டும் 1918-இல் இரண்டாண்டும் கலாசாலைப் படிப்பு தேவை என்ற விதி எழுந்தது. அவ்விதியைத் தாங்கமாட்டாத பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, 1920-களில் ஏறத்தாழ 80 மட்டுமே எஞ்சின.

நன்மையோடு நஷ்டமும் வந்தது என்பதை மறைக்கலாகாது. கறுப்பின மாணவர்க்கென இருந்த ஏழு பள்ளிகளில் ஹவர்டு, மெஹாரி என்ற இரண்டே பிழைத்தன. பெண்களுக்கென அமைந்தவற்றில் பென்சில்வேனியாப் பெண்கள் வைத்தியக் கலாசாலை ஒன்றுதான் எஞ்சியது. வேலூரில் மருத்துவமனையும் பின்னர் மருத்துவக் கல்லூரியும் தோற்றுவித்த ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1895-இல் சேர்ந்தது அந்தப் பென்சில்வேனியாக் கலாசாலையில்தான். பின்பு கார்னெல் சர்வகலாசாலைக்கு மாறி 1899-இல் பட்டம் பெற்றார். அவர் கலாசாலைப் பட்டம் ஏதும் பெறாமலேயே வைத்தியம் படிக்கச் சென்றவர். வாயிலை உயர்த்தும்போது, உள்ளே வரத்தகுந்த சிலரும் வெளியே நின்றுவிடுகிறார்கள்; ஏழைகள், பெண்கள், ஒதுக்கப்பட்ட இனத்தவர் ஆகியோரே அவ்வாறு நிற்பவருள் முதன்மையானோர். எந்த விதியை வகுப்பவரும் இதனை மனத்தில் இருத்த வேண்டும்.

மருந்தாளுநர் கல்வியின் வரலாறு வேறு பாதையில் சென்று அதே இடத்தை வந்தடைந்தது. 1821-இல், பென்சில்வேனியா சர்வகலாசாலை தங்கள் தொழிலுக்குப் பட்டம் வழங்க முற்பட்டதைக் கண்ட பிலடெல்பியா நகரத்து மருந்து வணிகர்கள், தங்கள் தொழிலைத் தாங்களே காக்கவேண்டும் என்று ஒன்றுகூடி, பிலடெல்பியா மருந்தியல் கலாசாலையை நிறுவினர். பகலெல்லாம் கடையில் மருந்து இடித்தும் கலந்தும் வேலை பழகிய இளைஞர், மாலையில் அங்கே வந்து ரசாயனமும் மூலிகைப் பொருள்களின் இயல்பும் கேட்டறிந்தனர். கடையே பிரதான பள்ளி, வகுப்பு அதற்குத் துணை. இந்த வழக்கத்தை மிச்சிகன் சர்வகலாசாலையில் 1868-இல் ஆல்பர்ட் பிரெஸ்காட் உடைத்தார். கடையில் வேலை பழகியதற்குச் சான்று கேட்காமல், நாள் முழுவதும் பரிசோதனைச் சாலையில் மாணவரைப் பயிற்றிய அவர், 1871-இல் அமெரிக்க மருந்தாளுநர் சங்கத்தின் மாநாட்டுக்குச் சென்றபோது, அவருடைய கலாசாலையின் பிரதிநிதியாக அவரை ஏற்க அச்சங்கம் மறுத்துவிட்டது. ஆயினும் காலம் பிரெஸ்காட்டின் பக்கமே சாய்ந்தது. 1932-இல் நான்காண்டுப் பட்டப்படிப்பு மருந்தாளுநர்க்கு விதியாயிற்று. 1960-இல் அது ஐந்தாண்டாயிற்று. தென் கலிபோர்னியா சர்வகலாசாலை 1950-இல் தொடங்கிய டாக்டர் பட்டப்படிப்பு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுவதற்கும் ஒரே வழியாயிற்று. அதன் பயனாகவே, இன்று மருந்தியல் கலாசாலைக்குப் போகிறவர் அதற்கு முன் இரண்டாண்டுகளேனும் பொதுக் கல்வி பயில்கிறார். ரசாயனம், உயிரியல், கணிதம் இவற்றோடு, பொருளாதாரமும் மேடைப் பேச்சும்கூடப் பல கலாசாலைகள் கேட்கின்றன. மருந்தைக் கலப்பது இயந்திரத்தின் வேலையாகிவிட்டபின், நோயாளியோடு அமர்ந்து மருந்தின் குணத்தையும் அபாயத்தையும் விளக்கிச் சொல்லும் கடமையே மருந்தாளுநருக்கு முக்கியமாகிவிட்டதால், இந்தத் தேவை இயல்பாக எழுந்ததாகும்.

வைத்தியத்தின் முன்படிப்பிலோ, நல்ல நோக்கத்துடன் தோன்றிய விதி நாளடைவில் இறுகத் தொடங்கியது. 1920-களில் படிப்பை இடையில் கைவிட்டோர் சில பள்ளிகளில் நூற்றுக்கு ஐவராகவும், வேறு சிலவற்றில் பாதிப்பேராகவும் இருந்தமையால், மாணவரை முன்னரே ஆராய்ந்து எடுக்கும்பொருட்டு 1928-இல் பிரெட் மாஸ் என்பவர் ஒரு பொதுப் பரீட்சையை உருவாக்கினார். அதுவே வளர்ந்து எம்கேட் என்ற பெயரில் இன்று வழங்குவது. பாடப் பட்டியல் ஒன்று, பரீட்சை ஒன்று, மதிப்பெண் ஒன்று என்று மூன்றும் சேரவே, மாணவர் மனத்தில் கலாசாலையின் நான்காண்டும் அவற்றுக்கான பயிற்சிக்காலமாகச் சுருங்கின. வைத்தியக் கலாசாலைகளின் சங்கம் இதனைக் காணாமல் இல்லை. 1953-இல் அதன் சார்பில் செவெரிங்ஹவுஸ், கார்மன், காட்பரி ஆகிய மூவர் வெளியிட்ட விரிவான ஆய்வு, வைத்தியராகப் போகிறவருக்கும் முதலில் வேண்டியது பரந்த கலைக் கல்வியே என்று வலியுறுத்தியது. 1962-இல் எம்கேட் பரீட்சையில் பொது அறிவுக்கென ஒரு பகுதியே சேர்க்கப்பட்டு, 1977 வரை நீடித்தது. ஆனால் 1970-களின் நடுவில், ஏறத்தாழ 15,000 இடங்களுக்கு 40,000-க்கும் மேற்பட்டோர் மனுச் செய்த நெருக்கடியில், அறிஞர் சொன்ன அறிவுரை எவர் காதிலும் ஏறவில்லை. சக மாணவர் போட்டியாளராகத் தோன்றினர். கரிம ரசாயனத்தில் பெறும் மதிப்பெண்ணே ஒருவருடைய வாழ்க்கையை நிர்ணயிப்பதாகத் தோன்றிற்று.

அந்த நிலையைக் கண்டு மனம் வெதும்பியவர், நியூயார்க்கில் புகழ்பெற்ற புற்றுநோய் ஸ்தாபனம் ஒன்றின் தலைவராக இருந்த லூயிஸ் தாமஸ். 1978-இல் வைத்தியப் பத்திரிகையொன்றில் எழுதிய கட்டுரையில், பிரீமெட் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் மாணவரின் விண்ணப்பங்களைக் கடைசிக்குத் தள்ளவேண்டும் என்றும், எம்கேட் பரீட்சையை ஒழிக்கவேண்டும் என்றும், கலாசாலைக் கல்விக்குக் கிரேக்க இலக்கியமே முதுகெலும்பாக இருக்கவேண்டும் என்றும் அவர் வாதித்தார். தீவிரமான யோசனைகள்தாம், ஆயினும் வெல்சின் இளமையையும் பிளெக்ஸ்னரின் படிப்பையும் அறிந்தவருக்கு அவற்றின் உட்பொருள் எளிதில் விளங்கும். 1984-இல் ஸ்டீவன் முல்லர் தலைமையில் அமைந்த குழுவும், வைத்தியத்துக்கு முந்திய கல்வி குறுகிப் போயிற்று என்றே தன் அறிக்கையில் எச்சரித்தது.

எச்சரிக்கையைச் செயலாக்கத் துணிந்தது நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் வைத்தியக் கலாசாலை. 1987-இல் அது தொடங்கிய திட்டத்தின்படி, இலக்கியம், தத்துவம், சரித்திரம் முதலியவற்றைப் பிரதான பாடமாகக் கொண்ட மாணவர், கலாசாலையின் இரண்டாம் ஆண்டிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டனர். எம்கேட் பரீட்சையும் கரிம ரசாயனமும் முழுஆண்டுப் பௌதிகமும் அவர்களிடம் கேட்கப்படவில்லை. வேண்டிய அடிப்படைகள் கோடைக்காலத்தில் சுருக்கமாகக் கற்பிக்கப்பட்டன. 2010-இல் அத்திட்டத்து மாணவர் 85 பேரை, வழக்கமான வழியில் வந்த 606 பேரோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. தொடக்க நிலை விஞ்ஞானத்தை அளக்கும் தேசியப் பரீட்சையில் மட்டும் அவர்கள் சற்றுக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். நோயாளிகளுக்கிடையே நடைபெறும் பயிற்சியிலும் பொதுவான தேர்ச்சியிலும் அவர்கள் பின்தங்கவில்லை. 2015-இல் எம்கேட் பரீட்சையும் திருத்தப்பட்டு, உளவியலும் சமூகவியலும் அதில் இடம்பெற்றன. மனிதர் நோயுறுவதற்கு அவர் வாழும் வீடும் செய்யும் தொழிலும் படும் கவலையும் காரணமாகின்றன என்பதை வாயிலிலேயே ஒப்புக்கொண்டதாக இம்மாறுதலைக் கருதலாம். வைத்தியக் கலாசாலைகளின் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரமோ, விண்ணப்பிப்போரில் பாதிக்கு மேல் உயிரியல் துறையினர் என்பதையும், விண்ணப்பித்தவருள் இடம் பெறுவோரின் விகிதம் இலக்கியம் முதலிய துறையினரிடம் அவர்களைவிடக் குறைவில்லை என்பதையும் ஒருங்கே காட்டுகிறது.

இந்தச் சரித்திரம் முழுவதிலும் ஓடும் இழை ஒன்றே. விஞ்ஞானப் பாடங்களை விதி கட்டாயமாக்கியது. பிரதான பாடத்தைக் கட்டாயமாக்கவில்லை. கேரட் அம்மையார் தம் செல்வத்தைக் கொடுத்துக் கேட்டது, ரசாயனம் அறிந்த மாணவரை மட்டும் அன்று. ஏதேனும் ஒரு கல்வியை ஆதிமுதல் அந்தம்வரை தொடர்ந்து கற்று, உள்ளம் பக்குவப்பட்ட மாணவரையே ஆகும். இவற்றுள் முதற்பகுதியைச் சுருக்கலாகாது. ரசாயனத்தில் தேர்ச்சியற்றவரிடம் மருந்தை ஒப்படைப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம். இரண்டாம் பகுதியை மாணவரின் விருப்பத்துக்கு விட்டதற்கும் தக்க காரணம் உண்டு. தமக்குப் பிரியமான ஒன்றை நான்காண்டு ஆழ்ந்து கற்பவர், பொறுமையாகப் படிக்கவும், ஆதாரங்களை எடைபோடவும், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று உணரவும் பழகுகிறார். அது கிரேக்கத்தின் மூலமும் வரும், கணிதத்தின் மூலமும் வரும், உயிரியலை உள்ளன்போடு கற்பவருக்கு உயிரியலின் மூலமும் வரும். அச்சத்தின் பொருட்டுத் தேர்ந்த பாடத்தின் மூலம் மட்டும் அது வருவதரிது. ஏனெனில் அங்கே மாணவரின் கண் பாடத்தின்மேல் இல்லை, அடுத்த வாயிலின்மேல் இருக்கிறது.

பிளெக்ஸ்னர் தம் முதிய பருவத்தில், 1939-இல், உடனடிப் பயன் கருதாத அறிவினால் விளையும் பயனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வைத்தியக் கல்விக்குக் கண்டிப்பான விதிகளைத் தேடித்தந்த அவரே, உண்மையை அறியும் ஆவலொன்றையே தூண்டுதலாகக் கொண்டு உழைத்தவர்களால் உலகம் அடைந்த நன்மைகளை அதில் எடுத்துரைத்தார். ஆகவே, பதினெட்டு வயதில் பிரதான பாடத்தைத் தேர்ந்தெடுக்க நிற்கும் பிள்ளையிடம், எந்தப் பாடத்தை எடுத்தால் இடம் கிடைக்கும் என்று பெற்றோரும் ஆலோசகரும் கேட்பதை விடுத்து, எந்தப் பாடத்தை எவர் வற்புறுத்தலும் இன்றி நான்காண்டு படிக்க உனக்குச் சம்மதம் என்று கேட்பார்களாக. விதி கேட்கும் விஞ்ஞானத்தை அப்பிள்ளை குறைவறக் கற்கட்டும். எஞ்சிய நேரமெல்லாம் தன் உள்ளம் நாடும் துறையில் உழைக்கட்டும். அப்படி வருகிறவரை ஏற்றுக்கொள்வதற்காகவே அந்த வாயில் 1893-இல் பால்டிமோரில் அமைக்கப்பட்டது.